கொடியடுப்புச் சூடு

கடலக்காய் வறுப்பதற்கென்று தனியாக அடுப்பு மூட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. சோறு வடித்து, குழம்பு இறக்கி, எரிகிற விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்த பிறகும் அடுப்புக்குள் ஒரு சூடு நிற்கும். அந்தச் சூடு கடலக்காய்க்கு உரியது. அதிலும் பெரிய அடுப்பின் மேல் வைப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் கொடியடுப்பின் மேல்தான் வைப்பார்கள். கொடியடுப்புக்கு விறகு செருகும் வாய் கிடையாது. பெரிய அடுப்பின் அனல் உள்ளே ஒரு பொந்து வழியாக அங்கே வரும், அவ்வளவுதான் அதன் வரும்படி. அதில் சோறு வேகாது. ரசம் ஆறாமல் இருக்கும், பால் மெல்லக் காயும், கடலக்காய் வறுபடும்.

அவிநாசிக்கும் சேவூருக்கும் நடுவில் இருந்தது எங்கள் அமுச்சி வீடு, அம்மாவைப் பெற்றவளின் வீடு. நான் இப்போது திருப்பூரில், அனுப்பர்பாளையம் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறேன். கடைக்குப் போனால் வறுத்த கடலை, உப்புக்கடலை, மசாலாக் கடலை, தோல் நீக்கிய கடலை எல்லாம் பொட்டலம் பொட்டலமாகத் தொங்குகிறது. கடலைக்குப் பஞ்சமில்லை. எனக்கு வேண்டியிருப்பது அந்தச் சூடு. சமையல் முடிந்த பிறகும் அணையாமல் கிடந்து, யாருடைய அவசரத்துக்கும் உட்படாமல் ஒரு வறவோட்டைக் காயவைத்த மிச்சச் சூடு.

வறவோடு என்று யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. விரிசல் விட்ட பானையின் அடிப்பாதிதான் வறவோடு. அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். பித்தளையும் செம்பும் எவர்சில்வரும் அங்கே எந்த அளவிலும் கிடைக்கும், வறவோடு கிடைக்காது. பானை புழங்குகிற வீட்டில்தான் உடைந்த பானை இருக்கும்.

ஓட்டுக்குள் மணல். சத்தியமங்கலம் போய்வந்த யாரோ பவானி ஆற்றிலிருந்து துண்டில் முடிந்து கொண்டுவந்தது. ஏழெட்டுத் தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, சல்லடையில் சலித்து, கல்லும் தூசியும் போக மிஞ்சிய நடுத்தர மணல். அதை வருசக்கணக்காக வைத்திருந்தார்கள். கடலையின் எண்ணெயைக் குடித்துக் குடித்து அது கறுத்து, கையில் அள்ளினால் ஒட்டாமல் வழுக்கி ஓடும். வறுத்து முடித்ததும் ஆறவைத்து, பழைய தகர டப்பா ஒன்றில் கொட்டி அடுப்பு மேட்டின் மூலையில் வைப்பார்கள். வீட்டில் எந்தப் பொருளையும் கேட்காமல் எடுத்து விளையாடலாம், அந்த டப்பாவை மட்டும் தொட முடியாது.

மணல் எதற்கு என்றால், வெறும் சட்டியில் போட்ட கடலை சட்டியைத் தொடுகிற இடத்தில் மட்டும் சூடேறும். அந்த இடம் கருகும், மற்றப் பக்கம் பச்சையாக இருக்கும். மணலுக்குள் புதைந்த காய்க்கு எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் சூடு வருகிறது. தொலியோடு வறுப்பதென்றால் மணல் இல்லாமல் கதையே இல்லை, உள்ளே இருக்கும் பருப்பு வரைக்கும் வெறும் சட்டியின் சூடு ஒழுங்காகப் போய்ச் சேராது.

அமுச்சி துடுப்பை நிறுத்தாமல் கிண்டும். வேகமாக அல்ல, சட்டியின் அடியிலிருந்து மேலே, மேலிருந்து அடிக்கு, ஒரே நிதானத்தில். முதலில் பச்சை வாடை போகும். கொஞ்ச நேரம் பயறு வேகிற மாதிரி ஒரு மந்தமான வாடை நிற்கும். தொலி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படபடக்கும். அதற்கப்புறம்தான் வாசம் வரும். அது மெதுவாக வருவதில்லை, சட்டென்று வந்து வீட்டை நிறைத்துவிடும். ஆசாரத்தில் படுத்திருக்கும் அப்புச்சி இருமிக்கொண்டே எழுந்து உட்காருவார்.

"வாசம் வந்துட்டா நிக்கப்படாதம்மிணி, எறக்கிப் போட்ரு. மிச்சத்த மண்ணு பாத்துக்கும்" என்று சொல்லும் அமுச்சி.

இந்த வாசத்துக்குப் பின்னால் இருப்பது 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் எழுதிவைத்த வினை. சர்க்கரையும், புரதத்தில் இருக்கும் அமினோ அமிலங்களும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் உண்டாக்குகின்றன. வறுத்த கடலையின் மணத்தில் பெரும்பங்கு பைரசின் என்கிற வகைச் சேர்மங்களுக்கு. கடலைப்பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால்வாசி புரதம். பருப்பும் மணலும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் பருப்பு உள்ளுக்குள் வறுபட்டுக்கொண்டே இருக்கும். பருப்பு பொன்னிறமாகட்டும் என்று காத்திருந்து இறக்கினால் ஆறும்போது அது தாண்டிப்போய்க் கசந்துவிடும். நிறம் வருவதற்கு முன்பே, வாசம் சொன்னதுமே இறக்கிவிட வேண்டும். மிச்சத்தை மண்ணு பார்த்துக்கொள்ளும்.

சட்டியைப் பிடித்து இறக்கியது பனியன் துணியால். எங்கள் பக்கத்தில் கரித்துணி என்று தனியாக ஒன்று கிடையாது, கட்டிங் வேஸ்ட்தான். மாமா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்குக் கைமடியாக இருந்தார். சனிக்கிழமை சம்பளத்தோடு ஒரு பை நிறைய வேஸ்ட் துண்டும் வரும். கழுத்து வெட்டிய வட்டங்கள், கைப்பக்கம் வெட்டிய பிறைகள், சாயம் பிசகிய சிவப்பு, நீலம். சிலதில் ஏதோ வெளிநாட்டு எழுத்தின் பாதி அச்சாகி இருக்கும். வறுத்த பருப்பைச் சூட்டோடு அந்தத் துணியில் கொட்டி, நாலு மூலையையும் சேர்த்து முறுக்கி, திண்ணையில் வைத்து உள்ளங்கையால் உருட்டித் தேய்ப்போம். ஓட்டைப் பின்னல் துணியில் சிவப்புத் தோல் பற்றிக்கொண்டு உரியும். அப்புறம் முறத்தில் போட்டு அமுச்சி இரண்டு புடை புடைத்தால் தோல் காற்றில் பறந்துவிடும், வெள்ளைப் பருப்பு மட்டும் நிற்கும். கடல் தாண்டிப் போன சட்டைகளின் கழிவுத் துண்டு எங்கள் மானாவாரிக் காட்டுக் கடலையின் தோலை உரித்தது. அந்த வயதில் அதில் வியக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

புடைத்து முடித்ததும் ஒரு வேலை உண்டு. அமுச்சி முறத்தை மடியில் சாய்த்துச் சொத்தை பொறுக்கும். சுருங்கியது, கறுத்தது, முளைப்பக்கம் பச்சைப் பூஞ்சணம் ஏறியது எதுவும் தப்பாது. மாட்டுக்குக்கூடப் போடாமல் அடுப்புக்குள் எறிந்துவிடும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தபோது தீவனத்தில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சண நஞ்சு இருந்தது. அஃப்ளடாக்சின் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வறுத்தால் அது முழுதாகப் போய்விடாது. பொட்டலத்தில் வரும் கடலையில் கசப்புப் பருப்பு ஒன்று பல்லில் பட்டு நாக்கு சுருங்கும்போதெல்லாம், முறத்தின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்த அந்த விரல்கள் என் கண்முன் வருகின்றன.

வறுத்த கடலை கைக்கு வந்துவிட்டால் அன்றைக்கும் மறுநாளுக்கும் சமையலுக்குக் கவலையில்லை. பாதி எங்கள் வாய்க்குப் போனது போக மீதிக்குத்தான் கணக்கு. கொங்குச் சமையலில் கடலை எங்கே இல்லை? பீர்க்கங்காய்ப் பொரியலோ கத்திரிக்காய்ப் பொரியலோ இறக்குகிற நேரத்தில், இடித்த கடலைப் பொடி ஒரு கை மேலே விழும். பொரியலில் விட்ட நீரை அது இழுத்துக்கொண்டு காயோடு ஒட்டிக்கொள்ளும். கத்திரிக்காய்க் குழம்புக்குத் தேங்காயோடு கொஞ்சம் கடலையும் சேர்த்து அரைத்தால் குழம்பு கெட்டிப்படும். சந்தவை பிழிந்த நாளில் நாட்டுச் சக்கரையோடு எள்ளும் கடலையும் சேர்ந்த பொடி.

சட்னியைப் பற்றி மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும். வரமிளகாயை அதே மணலில் கடைசியாக ஒரு புரட்டுப் புரட்டி எடுப்பார்கள், அதற்கு எண்ணெய் கிடையாது. அம்மியில் முதலில் மிளகாயும் கல்லுப்பும். நைந்ததும் சுண்டைக்காய் அளவு புளி, இரண்டு பல் பூண்டு. அதற்கு மேல்தான் கடலை. முழுக்க மசிய விடமாட்டார்கள், நாக்கில் மணல் மணலாகத் தட்டுப்பட வேண்டும். கடைசியில் சின்ன வெங்காயம் நாலைந்தைப் போட்டு ஒரே இழுப்பு, வெங்காயம் நசுங்கினால் போதும். தாளிப்புக் கிடையாது. கம்மஞ்சோற்றுக்கும் ராகிக்களிக்கும் அதைத் தொட்டுக்கொண்டால் வேறொன்றும் கேட்காது. எண்ணெயில் பொரித்த கடலையில் அரைத்தால் இந்தச் சட்னி வராது, நான் பலதடவை பார்த்துவிட்டேன். எண்ணெய் வாடை முன்னால் வந்து நின்று மற்றதை மறைத்துவிடும். மிக்சியில் ஓட்டினால் சூடேறிக் கூழாகிவிடுகிறது.

உருண்டைக்குப் பாகு காய்ச்சுவதும் இல்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அது பாகுப் பதத்தில் நிற்கிற பண்டம், அதன் அருமை வேறு. எங்கள் வீட்டு உருண்டை உரலில் நிற்பது. வறுத்த கடலையும் கவுந்தப்பாடி நாட்டுச் சக்கரையும் போட்டு இடிக்க இடிக்கக் கடலை எண்ணெய் கக்கும், சக்கரை அதில் இளகும். ஒரு கட்டத்தில் உலக்கையோடு மொத்தமும் ஒட்டிக்கொண்டு எழும்பி வரும். அப்போது கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டை. நெய் ஒரு சொட்டு வேண்டாம். ஊத்துக்குளி நெய் வீட்டில் இருந்தால் அது பொங்கல் வைக்கிற நாளில் முந்திரி வறுக்கத்தான் வெளியே வரும்.

அந்தக் கடலை எங்கள் காட்டிலேயே விளைந்தது. 1940-இல் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. 2, பின்னால் 1967-இல் வந்த டி.எம்.வி. 7, இப்படிக் குத்துக்கடலை ரகங்கள். நூறு, நூற்றைந்து நாளில் வந்துவிடும். பருப்பு சிறியது, தோல் மெலிது. ஆடி மழையை நம்பி விதைத்தால் ஐப்பசியில் பிடுங்கலாம். பிடுங்கின கொடியைக் குவித்துப்போட்டு ஊரே உட்கார்ந்து காய் ஆயும். ஆய்ந்த காயில் ஒரு பங்குதான் கூலி. கொடி மாட்டுக்கு, புண்ணாக்கும் மாட்டுக்கு, எண்ணெய் செக்கிலிருந்து வீட்டுக்கு. மழை பெய்து ஓய்ந்த பிறகு நாங்கள் குச்சியோடு போய் மண்ணில் தப்பிக் கிடக்கும் காயைக் கிளறுவோம். அந்தக் காய்க்குக் கணக்கில்லை, பொறுக்கினவர்களுக்குச் சொந்தம்.

இப்போது அந்தக் காட்டில் சைட் போட்டாகிவிட்டது. அமுச்சி வீடு இருந்த இடத்தில் ஒரு கம்பெனியின் குடோன். வீட்டைப் பிரித்தபோது ஓட்டையும் உத்திரத்தையும் கணக்குப் பார்த்து விற்றார்கள், கதவு நிலையை மாமா எடுத்துக்கொண்டார். தகர டப்பா எங்கே போனது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

கம்பெனிகள்மேல் எனக்கு வருத்தமில்லை. 1925-இல் குலாம் காதர் குடும்பம் பனியன் பின்னத் தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரம் வானத்தைப் பார்த்துப் பிழைப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 1978-இல் வெரோனா என்கிற இத்தாலி வியாபாரி டீ சர்ட் தேடி வந்ததற்குப் பிறகு அந்த மாற்றம் வேகமெடுத்தது. நான் படித்தது மாமாவின் கம்பெனிச் சம்பளத்தில். காய் ஆய வந்தவர்களின் மகள்களும் மருமகள்களும் காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போனார்கள் என்றால், பங்குக்காயைவிட வாரச் சம்பளம் அவர்களுக்குக் கௌரவமாக இருந்ததால்தான் போனார்கள். காட்டில் ஆள் இல்லாமல் போனது. ஆள் கிடைத்த வருசத்தில் மயில்கள் வந்தன. விதைத்த மறுநாளே வரிசை பிடித்துக் கொத்திக்கொண்டு போகிற மயிலுக்குக் காவல் இருக்கத் தெம்பு யாருக்கும் இல்லை.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் விடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த தண்ணீர் அது. வந்துவிட்டது என்ற சந்தோசத்தை வாயால் சொல்ல முடியாது. சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் திங்கட்கிழமை தோறும் கடலை ஏலம் இன்றும் நடக்கிறது. விதைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாங்கள்தான் அவர்களில் இல்லை.

காட்டை விடவும் என்னை அரிக்கிறது பொழுது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை. நான் ஆபீஸ் வேலைதான் பார்க்கிறேன், ஆனாலும் சரக்கு அனுப்புகிற வாரத்தில் எனக்கும் அதே கணக்கு. வீட்டுக்கு வந்ததும் கேஸைப் பற்றவைத்தால் குக்கர், தோசைக்கல் இரண்டும் ஒரே சமயத்தில் ஏறும். முடிந்ததும் திருகினால் அணைந்துவிடும். மிச்சம் என்று ஒரு சூடு கிடையாது. கடலை வறுக்க வேண்டுமென்றால் அதற்கென்று தீ, அதற்கென்று நேரம். அந்த நேரத்தை எதிலிருந்தாவது பிடுங்க வேண்டும். வார்ப்பிரும்பு வடச்சட்டியை வைத்து, தீயை முழுக்கக் குறைத்து, பக்கத்திலேயே நின்று கிண்டிப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் வருகிறது. ஆனால் மனம் முழுக்க எப்போது முடியும் என்பதில் இருக்கும். கொடியடுப்பில் வறுபட்ட கடலைக்கு எப்போது முடியும் என்று யாரும் கேட்டதில்லை. பால் காய்வதையும் மாடு கத்துவதையும் கேட்டுக்கொண்டு, சண்டைக்கும் சிரிப்புக்கும் நடுவில், அது தன் போக்கில் ஆனது.

சனிக்கிழமை ராத்திரி கம்பெனி வாசல்களில் கடலை வண்டிகள் நிற்கும். மணல் கொதிக்கிற வடச்சட்டியின் விளிம்பில் கரண்டியால் தட்டுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். சம்பளக் கவரோடு வருகிறவர்கள் பொட்டலம் வாங்கிப் போவார்கள். நானும் வாங்குவேன், சூடாக இருக்கும்போதே தின்றுவிடுவேன். மறுநாள் சட்னிக்கு அது மிஞ்சியதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு. ஒடிசா, ஜார்கண்ட், பீகார் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கிருந்துதான் ஒருநாள் அந்த வாசம் வந்தது. பொட்டலத்தைப் பிரிக்கிற வாசம் அல்ல, வறுபடுகிற வாசம். மொட்டைமாடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தேன். செக்கிங் வேலை பார்க்கிற பீகார்ப் பெண் ஒருத்தி சின்ன சிலிண்டர் அடுப்பில் அலுமினியச் சட்டியை வைத்துக் கடலை கிண்டிக்கொண்டிருந்தாள். உப்பில் வறுத்தாள். மணல் இல்லையே அக்கா என்றாள். ஊரில் மணலில்தான் வறுப்பார்களாம். கடலை, அரிசி, சோளம், கொண்டைக்கடலை எதுவானாலும். ஊர்க்கோடியில் அதற்கென்றே பெரிய அடுப்பு ஒன்று உண்டு. சாயங்காலம் அவரவர் தானியத்தை எடுத்துப் போவார்கள், வறுத்துக் கொடுக்கிறவர் கூலியாகத் தானியத்திலேயே ஒரு பங்கு எடுத்துக்கொள்வார். வறுத்த அந்தத் தானியத்துக்குப் பூஞ்சா என்று பெயர். பச்சை மிளகாயும் வெங்காயமும் நறுக்கிப் போட்டு, கடுகெண்ணெய் நாலு சொட்டு விட்டுக் குலுக்கித் தின்பது. எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள். அமுச்சி இறக்கியிருக்கும் பதத்தைத் தாண்டி, இன்னும் கறுப்பாக வறுத்திருந்தாள். கடுகெண்ணெய் மூக்கில் ஏறியது. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

மணலுக்கு இரண்டு பேரும் அலைந்தோம். கட்டடம் நடக்கிற இடத்தில் எல்லாம் எம்சாண்ட். கல்லை உடைத்த பொடி, எத்தனை தண்ணீரில் அலசினாலும் பால் நிறத்தில் கரைந்துகொண்டே இருந்தது, அதைச் சாப்பாட்டுப் பண்டத்தோடு சேர்க்க முடியாது. கடைசியில் சத்தியமங்கலத்தில் இருக்கும் அண்ணனிடம் சொல்லி ஒரு சின்னப் பையில் ஆற்று மணல் வரவழைத்தோம். அவள்தான் கழுவினாள், கடைசித் தண்ணீர் தெளியும் வரைக்கும் விடவில்லை. புது மணல் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது, கடலையில் ஒட்டுகிறது. உதறி உதறித் தின்கிறோம்.

அவளுக்குக் கடலைக்காடு பார்க்க வேண்டுமாம். எங்கள் காட்டைக் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன். ஐப்பசியில் சேவூர் ஏலத்துக்குப் போகலாம், மூட்டை கொண்டுவரும் விவசாயி யாரிடமாவது கேட்டால் தொலியோடு இரண்டு படி அளந்து கொடுப்பார், போகிற வழியில் பிடுங்குகிற காடு ஒன்றையாவது பார்த்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஏலம் திங்கட்கிழமை, லீவு போட்டால் அவளுக்கு ஒன்றரை ஷிப்ட் சம்பளம் போகும். போனால் போகட்டும் என்கிறாள்.